பானை ஒன்று, நிறம் இரண்டு

அழகன்குளத்துக்குப் போய்வந்த மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மண்ணில் கிடந்த பானை ஓடுகள் உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருந்தன. அந்தக் காலத்திலேயே இரண்டு கலரில் பெயின்ட் அடித்தார்களா?"

பெயின்ட் இல்லை. எல்லாம் நெருப்பு பார்த்த வேலை.

மதுரையைத் தாண்டி ஓடும் வைகை, ராமநாதபுரம் பக்கம் ஆற்றங்கரை என்ற ஊரில் கடலைத் தொடுகிறது. அழகன்குளம் அதற்குப் பக்கத்து ஊர். ரோமானியக் காசுகளும் கப்பல் படம் கீறிய ஓடும் கிடைத்த பழைய துறைமுகம் அது. 1980களில் இருந்து மாநிலத் தொல்லியல் துறை பலமுறை அங்கே தோண்டியிருக்கிறது. அதே ஆற்றின் மேல்பக்கம், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. இரண்டு இடத்திலும் இந்தக் கருப்பு சிவப்பு ஓடுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன.

களிமண்ணில் இரும்பு உண்டு. சூளையில் காற்று தாராளமாக வந்தால் இரும்போடு ஆக்சிஜன் சேர்ந்து ஹேமடைட் உண்டாகும், பானை சிவக்கும். செங்கல்லின் நிறமும் இதனால்தான். இது பள்ளிப் பாடம்.

காற்றை அடைத்துவிட்டால்தான் வேடிக்கை. விறகும் வைக்கோலும் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். ஆக்சிஜன் கிடைக்காதா என்று அலையும் வாயு அது. வெளியே கிடைக்கவில்லை என்றால் ஹேமடைட்டிடமே பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கருப்பான மேக்னடைட். கூடவே புகையில் வரும் கரித்துகள் மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். ஓட்டின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் தெரியும்: கருப்பு மேலே பூசியதாக இருக்காது, மண்ணுக்குள்ளேயே ஊறியிருக்கும்.

சரி, ஒரே பானையில் இரண்டும் எப்படி? பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். வாய்ப்பகுதி சாம்பலிலோ மணலிலோ புதைந்திருக்கும், உள்ளே வைக்கோலோ உமியோ அடைத்திருக்கும். உள்ளே காற்றுக்கு வழியில்லை, கருக்கும். வெளியே தீயும் காற்றும் சேர்ந்து அடிக்கும், சிவக்கும். இல்லை, முதலில் முழுதும் சிவக்கச் சுட்டுவிட்டு இரண்டாம் முறை புகையில் போட்டார்கள் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எனக்குக் கவிழ்த்த பானைதான் பிடித்திருக்கிறது, ஒரே சூட்டில் வேலை முடிகிறதே! எகிப்தில் பிரமிடுகளுக்கு முந்தைய காலத்துக் குயவர்களும் வாய் கருத்த சிவப்புப் பானை செய்திருக்கிறார்கள்.

இதில் கைப்பக்குவம் கடைசியில்தான் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் அவசரப்பட்டுப் பானையை நிமிர்த்தினால் உள்ளே காற்று பாயும், கரி எரிந்துபோகும், கருப்பு வெளிறிவிடும். கருப்பு ஓட்டை மறுபடி நல்ல காற்றோட்டமுள்ள தீயில் சுட்டால் அதுவும் சிவந்துவிடும். இந்த ஓடுகளில் தெரியும் பளபளப்பு வேறு கதை: சுடுவதற்கு முன் கூழாங்கல்லால் தேய்த்தால் களிமண்ணின் தட்டுத் தட்டான துகள்கள் படுத்துக்கொள்ளும், வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும்.

இவ்வளவு சங்கதி ஓட்டில் இருக்க, தங்கக் காசு கிடைத்தால்தான் நமக்குச் செய்தி. அமாவாசை ராத்திரியில் புதையல் தேடி ஆடு வெட்டிக் குழி தோண்டுகிறவர்களைச் சொல்லவே வேண்டாம். மண் அடுக்கையே கலைத்துவிட்டுப் போகிறார்கள். அருங்காட்சியகக் கட்டடத்துக்குக் காசு ஒதுக்கும்போது, மூட்டையில் கிடக்கும் ஓடுகளைச் சோதிக்க ஆய்வுக்கூடத்துக்கும் நாலு ஆராய்ச்சி மாணவர்களுக்கும் சேர்த்து ஒதுக்கலாம் என்பது என் கட்சி. அப்புறம், தரையில் கிடக்கும் ஓட்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் முழுப் பானைகளின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்புக்கு வெளியேயும் சில விரற்கடை கருப்பு இறங்கியிருக்கும். கவிழ்த்த கட்சியின் கணக்குப்படி, பானை எவ்வளவு ஆழம் சாம்பலில் புதைந்திருந்தது என்பதற்கு அதுதான் அளவு. கோடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், குயவர் அதைச் சற்றுக் கோணலாகக் கவிழ்த்திருக்கிறார்.