வனத்துச் சின்னப்பர்: பெயரும் பொருளும்

'சின்னப்பர்' என்ற பெயரை முதன்முறை கேட்கும் பிள்ளைகளுக்குச் சித்தப்பாதான் நினைவுக்கு வருவார். உண்மையில் அது பவுல் என்ற கிறிஸ்தவப் பெயரின் மொழிபெயர்ப்பு. பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் 'சிறியவர்' என்று பொருள். ஒலியை விட்டுப் பொருளை எடுத்து, அதனோடு 'அப்பர்' என்ற மரியாதையைச் சேர்த்ததால் சின்னப்பர் ஆனார். ஸ்தேபானோஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, அதாவது கிரீடம், அவர் முடியப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயரில் இறைவனின் அருள் இருக்கிறது, அவர் அருளப்பர். திருநாவுக்கரசரை 'அப்பர்' என்று அழைத்துப் பழகிய மண்ணில் இந்தப் பெயர்கள் அந்நியமாக ஒலிக்கவில்லை.

திருத்தூதர் பவுலும் சின்னப்பர்தான். அவரிடமிருந்து பிரித்துக் காட்டவே, எகிப்தியப் பாலையில் தனித்து வாழ்ந்த பவுல் என்ற துறவியின் பெயருக்கு முன்னால் 'வனத்து' என்ற அடை வந்தது. மரபுப்படி துறவியின் திருநாள் ஜனவரி 15, திருத்தூதர் மனம் மாறிய திருநாள் ஜனவரி 25. அடை இல்லாவிட்டால் குழப்பம்தான்.

'வனத்து' என்பதும் மொழிபெயர்ப்பே. கிரேக்கத்தில் 'எரேமோஸ்' என்றால் ஆளற்ற வெளி. அங்கே போய்த் தனித்து வாழ்பவரை ஐரோப்பிய மொழிகள் அந்தச் சொல்லிலிருந்தே பெயரிட்டு அழைத்தன. இவர் வாழ்ந்த இடம் மணலும் பாறையும்தான், மரம் அடர்ந்த காடு அல்ல. 'பாலை' என்ற சொல் கையில் இருந்தும் தமிழில் வனம் நிலைத்தது. நம் கதைகளில் உலகைத் துறந்தவர் வனம் புகுவார். நிலம் மாறினாலும் துறவு மாறவில்லை. என் கணக்கில் இது பிழையே அல்ல, நல்ல மொழிபெயர்ப்பு.

அவருடைய வரலாற்றை எழுதியவர் புனித ஜெரோம். ரோமப் பேரரசன் தேசியுஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், ஏறத்தாழ 250-இல், பவுல் என்ற இளைஞர் பாலைக்குத் தப்பி ஓடினார். அங்கே ஒரு குகை, ஒரு பேரீச்சை மரம், ஓர் ஊற்று. மரத்தின் ஓலையைப் பின்னி உடுத்திக்கொண்டார். அண்டங்காக்கை ஒன்று நாள்தோறும் அரை ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தது. முதுமையில், இன்னொரு பாலைத் துறவியான வனத்து அந்தோணியார் அவரைத் தேடி வந்த அன்று மட்டும் அதன் அலகில் முழு ரொட்டி இருந்தது. அதை யார் முதலில் பிட்பது என்று இரு கிழவர்களும் 'நீங்கள்தான், நீங்கள்தான்' என்று பொழுது சாயும்வரை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்கிறார் ஜெரோம். கடைசியில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். பவுல் இறந்தபோது குழி தோண்டியவை இரண்டு சிங்கங்களாம்.

அந்த மரமும் காக்கையும் சிங்கங்களும்தான் அவர் பெயர் தாங்கிய துறவற சபையின் சின்னம். 13-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் தோன்றிய அந்தச் சபைக்கு 1308-இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. வெள்ளை அங்கி அணியும் இந்தத் துறவியர் 1382-இல் போலந்துக்குச் சென்று, செஸ்டோகோவா நகரில் யஸ்னா கூரா மடத்தை நிறுவினார்கள். கறுப்பு மாதா படத்தை வணங்க யாத்திரிகர்கள் திரளும் இடம் அதுதான்.

தமிழில் இவர்களைப் 'பவுலின் சபையார்' என்று எழுதினால் ஆள் மாறிப்போகும். 1914-இல் இத்தாலியில் அல்பேரியோனே என்ற குரு நிறுவிய, அச்சுப் பணிக்குப் பெயர்பெற்ற புனித பவுல் சபை வேறு. அது திருத்தூதர் பெயரால் அமைந்தது. யஸ்னா கூரா துறவியரை 'வனத்துச் சின்னப்பர் சபையினர்' என்று எழுதுவதே சரி. 1995-இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'பவுல்' என்றே எழுதுகிறது. திருத்தூதருக்கு அது பொருந்தட்டும். ஓலை உடுத்தி, அரை ரொட்டியில் வாழ்நாளைக் கழித்தவரை நான் சின்னப்பர் என்றே எழுதுவேன்.