வெந்நீர் குடிக்கிறோமா, விளாவிக் குடிக்கிறோமா?

மழை பிடித்துவிட்டால் ஹோட்டலில் உட்கார்ந்ததும் "சுடுதண்ணி கொடுங்க" என்று கேட்போம். வருகிற டம்ளர் கைக்கு இதமாக, உடனே குடிக்கிற சூட்டில் இருக்கும். சந்தேகப்பட வேண்டியதே அந்த இதமான சூட்டைத்தான். பெரிய பாத்திரத்தில் கொதித்த தண்ணீர் தானாக அந்தப் பதத்துக்கு ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரம் யாரும் காத்திருப்பதில்லை. பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிவிடுகிறார்கள். வீட்டிலும் இதையேதான் செய்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொதிநீர் 100 டிகிரி, குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. ஒரு டம்ளர் கொதிநீரில் நான்கு டம்ளர் குழாய்த் தண்ணீர் கலந்தால் 44 டிகிரி. நாம் மடமடவென்று குடிக்கிற சூடு அதுதான். ஐந்தில் நான்கு பங்கு காய்ச்சாத தண்ணீர்! டைபாய்டு, காலரா கிருமிகளோ, மஞ்சள் காமாலை வரவழைக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸோ அந்தச் சூட்டில் சாகாது.

காய்ச்சுவதிலும் அவசரம் கூடாது. பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழ் விடுவது கொதி அல்ல. மேலே முழுவதும் தளதளவென்று புரண்டு கொதிக்க வேண்டும். அதன் பிறகு 1 நிமிடம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம். அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடுங்கள். அவசரமென்றால் பாத்திரத்தை ஓர் அகலமான தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி வையுங்கள், வெளியிலிருந்து ஆறும். மொள்ளும்போது டம்ளரோடு விரல் உள்ளே போனால் காய்ச்சியது வீண். நீளக் கைப்பிடிக் கரண்டியோ குழாய் வைத்த பாத்திரமோ நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடு காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்.

மறுபக்கம், ஆவி பறக்கக் குடிப்பவர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை" என்ற பட்டியலில் வைத்தது. காபியோ டீயோ காரணமில்லை, சூடுதான். அது உணவுக்குழாயின் உட்சவ்வைத் தினம் தினம் சுடுகிறது. ஊதி ஊதி உறிஞ்ச வேண்டியிருந்தால் இன்னும் சில நிமிடம் பொறுங்கள்.

ஜில்லென்ற தண்ணீர் சாப்பிட்ட எண்ணெயை வயிற்றில் உறைய வைக்கும் என்பது தவறு. வயிற்றின் சூடு 37 டிகிரி. உள்ளே போன தண்ணீர் சீக்கிரமே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அதுபோல வெந்நீர் தொப்பையைக் கரைக்காது. ஒற்றைத் தலைவலி, பல் கூச்சம், உணவுக்குழாய் தளராமல் இறுகும் அகலேசியா நோய் உள்ளவர்கள் மட்டும் பிரிட்ஜ் தண்ணீரைத் தவிர்க்கலாம். சளிக்கு வெதுவெதுப்பான தண்ணீர் தொண்டைக்குச் சுகம் தரும், தாராளமாகக் குடியுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர்களை வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். குறைவாகக் குடித்து நீர்ச்சத்து இழப்பார்கள். குளிர்ந்த தண்ணீர்தான் அதிகம் இறங்கும். அதற்கு மண்பானை போதும். வேலூர் மாதிரி வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. பானையின் உள்ளே சோப்புப் போடாதீர்கள், நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வெந்நீரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், தாய்ப்பால் போதும். பவுடர் பால் கொடுக்கும் நிலை வந்தால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும், ஏனென்றால் பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும். காய்ச்சி இறக்கி 30 நிமிடத்துக்குள் கலந்துவிடுங்கள். ஆற்றுவதற்கு மட்டும் பாட்டிலின் வெளியே குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.