காய்ச்சல் மாத்திரை கல்லீரலுக்குள்ள போனதும் என்ன ஆகுது?

போன மழைக்காலத்துல அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். மெடிக்கல்ல வாங்கின மூணு அட்டை டேபிள் மேல கிடந்துச்சு, ஒண்ணு காய்ச்சலுக்கு, ஒண்ணு சளிக்கு, இன்னொண்ணு உடம்பு வலிக்கு. திருப்பிப் போட்டு பின்னாடி இருந்த பொடி எழுத்தைப் படிச்சா மூணுலயும் பாராசிட்டமால். அப்பா மூணையும் சேத்துப் போட்டுட்டு இருந்திருக்காரு. அன்னிக்குதான் இந்த மருந்தை உடம்பு எப்படி வெளிய தள்ளுதுன்னு உக்காந்து படிச்சேன்.

வெளிய தள்ளுறது கிட்னி வேலைன்னு நினைப்போம். சரிதான், ஆனா கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டிட்டு அதுல ஒண்ணரை ரெண்டு லிட்டரை மட்டும் யூரினா விட்டு மிச்சத்தை எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்குது, அப்போ கொழுப்புல கரையுற பொருளும் கூடவே உள்ள வந்துடும். தண்ணில நல்லா கரையுறதுதான் யூரினோட போகும். அதனால மருந்தை தண்ணில கரையுற மாதிரி மாத்திக் கொடுக்குற வேலை கல்லீரலோடது.

பாராசிட்டமாலுக்கு கல்லீரல்ல மூணு வழி இருக்கு. பாதிக்கு மேல போறது சர்க்கரைல இருந்து உருவாகுற குளுக்குரோனிக் அமிலத்தோட ஒட்டிக்கிட்டு. கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சல்ஃபேட்டோட ஒட்டிக்கிட்டு. இந்த ரெண்டும் சாது, நேரா யூரின்ல போயிடும். (பூனைக்கு அந்த முதல் வழி சரியா வேலை செய்யாது, அதனால நமக்கு சாதாரணமான ஒரே ஒரு மாத்திரை பூனையோட உயிரையே எடுத்துடலாம். தயவுசெஞ்சு வீட்டுப் பூனைக்கு கொடுத்துடாதீங்க.)

மிச்சம் 5, 10 சதவீதம் மூணாவது வழில போகுது, அங்கதான் விஷயமே இருக்கு. சைட்டோகுரோம்னு ஒரு என்சைம் குடும்பம் அதை மாத்துறப்போ நாப்கி (NAPQI) அப்படின்னு ஒரு பொருள் வருது. நாம போட்ட மாத்திரையை விட இதுதான் விஷம், கல்லீரல் செல்லோட புரதங்கள்ல போய் ஒட்டிக்கிட்டு செல்லையே கொன்னுடும். அப்புறம் ஏன் தினமும் இத்தனை பேர் போட்டும் ஒண்ணும் ஆகலன்னா, செல்லுக்குள்ள குளூட்டத்தயோன்னு ஒண்ணு இருக்கு, மூணு அமினோ அமிலம் சேந்த சின்ன மூலக்கூறு, நாப்கி உருவாக உருவாக அதைப் புடிச்சு அடக்கி யூரினுக்கு அனுப்பிடுது.

ஆனா குளூட்டத்தயோன் கையிருப்பு அளவுதான். ஒரே நேரத்துல நிறைய மாத்திரை உள்ள போனா சல்ஃபேட் தீந்து மூணாவது வழில கூட்டம் கூடும், நாப்கி குவியும், குளூட்டத்தயோன் முக்கால்வாசி காலியானா செல்கள் சாக ஆரம்பிச்சுடும். ரொம்ப நாளா குடிக்கிறவங்களுக்கு அந்த மூணாவது வழி என்சைம் ஏற்கனவே அதிகமா இருக்கும், சரியா சாப்பிடாம மெலிஞ்சவங்களுக்கு கையிருப்பே கம்மி. நல்லா இருக்குற பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைன்னா எட்டு, 650ன்னா ஆறு. மூணு அட்டைல இருந்து எடுத்துப் போடுறவங்களுக்கு இந்தக் கணக்கு எங்க தெரியப்போகுது? டீடாக்ஸ் ஜூஸ் குடிச்சா சரியாகிடும்னு சிலர் சொல்றாங்க, அந்த ஜூஸ் இந்த இடத்துல எதுவுமே பண்ணாது.

பண்றது ஒண்ணு இருக்கு, என்-அசிட்டைல்சிஸ்டீன்ங்கிற மருந்து. அதுல இருந்து கிடைக்கிற சிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்தை வச்சுதான் செல் புதுசா குளூட்டத்தயோன் செஞ்சுக்குது, தீந்துபோன சரக்கை மறுபடி ரொப்புற மாதிரி. அளவுக்கு மீறி போட்ட 8 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரில இதை ஏத்த ஆரம்பிச்சா பெரும்பாலும் கல்லீரல் தப்பிச்சுடும். பயங்கரம் என்னன்னா, முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான், சில பேருக்கு அதுவும் இருக்காது. கல்லீரல் அடிபட்டது ரத்த டெஸ்ட்ல தெரியுறதுக்கே பெரும்பாலும் ஒரு நாள் ஆகிடும், கண்ணு மஞ்சளாகுறது அதுக்கும் அப்புறம்தான்.