முரசில ரத்தம், விரலில விறைப்பு

பெரியம்மா ஒட்டுசுட்டானில இருக்கிறா. விடிய எழும்பினா விரல் மடக்கேலாது, தேங்காய் துருவேலாது, வெயில் ஏறி ஒன்பது பத்து மணியாகத்தான் கை கொஞ்சம் இளகும். தோட்ட வேலை உழைவு எண்டு எண்ணெய் பூசிப் பூசியே ரெண்டு வருசம் போச்சு. கடைசியா ரத்தம் சோதிச்சுத்தான் ருமற்றொயிட் மூட்டுவாதம் எண்டவை. அண்டைக்கு டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி முரசையும் பாத்தவராம். கை வருத்தத்துக்கு வாய் ஏன் பிள்ளை எண்டு என்னட்டக் கேட்டா, அதுக்காகத்தான் தேடி வாசிச்சன்.

இது தேய்மானத்தால வாற நோவு இல்லை, உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டைப் பிறத்தியான் எண்டு அடிக்கிறது. பல்லுக்கும் முரசுக்கும் இடையில, காத்துப் போகாத இடுக்கில, போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் எண்டொரு பக்டீரியா குடியிருக்கும். அதின்ர நொதியம் ஒண்டு புரதத்தில இருக்கிற ஆர்ஜினின் எண்ட கூறை சிற்றுலின் எண்ட வேற கூறா மாத்திப்போடும். (சிற்றுலின் எண்ட பேர் வத்தகப்பழத்தின்ர லத்தீன் பேரில இருந்து வந்தது, பழம் தின்னுறதுக்கும் இந்த வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை.) மாறின புரதத்தை உடம்பு மட்டுக்கட்டாது, சிலருக்கு அதுக்கு எதிரா பிறபொருளெதிரி (பிறத்தியான் எண்டு நினைக்கிறதை அடிக்க உடம்பு செய்யிற புரதம்) உண்டாகும், அது மூட்டு வீங்கிறதுக்குக் கன வருசம் முன்னமே ரத்தத்தில வந்திடும். அதை வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு திக்கெண்டுது, பெரியம்மாவின்ர முரசு எப்ப இருந்து கசிஞ்சதோ.

2016இல இன்னொரு வாய்ப் பக்டீரியாவும் பிடிபட்டது, அதின்ர நஞ்சு வெண்குழியங்களைத் துளைக்க, உள்ளுக்க இருக்கிற புரதமெல்லாம் இதே மாதிரி மாறுதாம். 2023இல அமெரிக்காவில மூட்டுவாதக்காரரின்ர ரத்தத்தை வாராவாரம் எடுத்துப் பாத்தவை: முரசு வருத்தமும் இருக்கிற ஆக்களுக்கு வாய்ப் பக்டீரியா திரும்பத் திரும்ப ரத்தத்துக்குள்ள வருது, அந்தப் பக்டீரியாவில சிற்றுலின் ஏறின புரதத்தை அடிக்கிற பிறபொருளெதிரியே எங்கட உடம்பில அப்பிடி மாறின புரதத்திலயும் போய் ஒட்டுது.

முரசு வருத்தம் உள்ள எல்லாருக்கும் இது வராது. பரம்பரையும் வேணும், சிகரெட்டும் கூட்டும், பொம்பிளையளுக்கு ஆம்பிளையளை விட ரெண்டு மூண்டு மடங்கு வருது. எங்கட பக்கத்தில இன்னொரு சிக்கல், வெத்திலை போடுற சனத்துக்கு முரசில ரத்தம் வந்தாலும் தெரியாது, துப்புறதெல்லாம் சிவப்புத்தானே. பெரியம்மாவும் அப்பிடித்தான் இருந்திருக்கிறா. இப்ப மூட்டுக் குளிசையை விடாமல் போட்டுக்கொண்டு பல்லுக் கிளினிக்குக்கும் போறா, போன கிழமை காவி சுரண்டினவை, சுரண்டேக்க வந்த ரத்தத்தைக் கண்டுதான் அவவுக்கே விளங்கினது.