பல் டாக்டரிடம் சொன்னது யாருக்கெல்லாம் போகலாம்? நோயாளியின் உரிமை, கடலூர் – புதுச்சேரி நடைமுறை

பல் கிளினிக்குக்கு முதல் தடவை போகும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். சர்க்கரை, பிரஷர், இதய ஆபரேஷன், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி., கர்ப்பம், புகையிலை, குடி என்று வரிசையாகக் கேள்வி இருக்கும். "ஒரு பல்லைப் பிடுங்குறதுக்கு இவ்வளவு விசாரணையா?" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது ஆபத்து. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறவருக்குப் பல் எடுத்த குழியில் ரத்தம் லேசில் நிற்காது. எலும்புத் தேய்மானத்துக்குச் சில வகை ஊசி, மாத்திரை எடுப்பவருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமலே போகலாம்.

ஆனால் மறைப்பவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹால் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, "அக்கா, எக்ஸ்ரே எடுக்கணும், நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கா?" என்று கவுண்டரிலிருந்தே சத்தமாகக் கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? அந்த இடத்தில் "உள்ளே டாக்டர்கிட்ட சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். அந்தத் தாளையும் கவுண்டரில் கொடுக்காமல் டாக்டர் கையிலேயே கொடுக்கலாம். இது டாக்டர் நமக்குச் செய்யும் சலுகை இல்லை, நம் உரிமை.

அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? அடித்தளம், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் கொடுத்த தீர்ப்பு. அந்தரங்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்றது அது. அன்றாடம் கைகொடுப்பது அதைவிடச் சின்ன விதி ஒன்று: இந்தியப் பல் மருத்துவ கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள். தொழில் செய்யும்போது தெரியவந்த நோயாளியின் ரகசியத்தைப் பல் டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. விலக்குகள் குறைவுதான். நீதிபதி உத்தரவிட்டால் கோர்ட்டில் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ பெரிய ஆபத்து என்று தெளிவாகத் தெரிந்தால் சொல்லலாம்.

நம் ஊர்ப் பக்கம் இந்த விதி எங்கே உடைகிறது என்றால், கல்யாணப் பேச்சில். நெல்லிக்குப்பத்திலோ பாகூரிலோ எல்லோரும் ஒரே கிளினிக்குக்குத்தான் போவார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா ஒருவர், கிளினிக்கில் வேலை பார்க்கும் தெரிந்த பையனிடம் "அந்தப் பொண்ணுக்கு முன்பல்லு சொந்தப் பல்லா, கட்டினதாப்பா?" என்று கேட்பார். அவனும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவான். டாக்டர் வாய் திறக்காவிட்டாலும், தன்னிடம் வேலை செய்பவர்கள் வாயைக் காப்பது அவர் பொறுப்பு. கணவன் வந்து மனைவியின் ஃபைலைக் கேட்டாலும், பெற்றோர் வந்து இருபத்தைந்து வயது மகனின் ஃபைலைக் கேட்டாலும், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

அடுத்த வம்பு போட்டோ. 'முன்பு – பின்பு' படங்களை இன்ஸ்டாகிராமில் போடாத கிளினிக் இப்போது அபூர்வம். ஆளை அடையாளம் காணும்படி படத்தை வெளியிட வேண்டுமென்றால் நோயாளியின் அனுமதி வேண்டும். கண்ணில் ஒரு கறுப்புப் பட்டையைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். பல் விஷயத்தில் அது பாதி ஏமாற்று வேலை. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்தவர்களில் ஏராளமானோரைப் பல் பதிவுகளை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். சிரித்தால் தெரியும் சிங்கப்பல்லைப் பார்த்துத் தெருக்காரர்கள் கண்டுகொள்ள மாட்டார்களா? சிகிச்சைக்குச் சம்மதித்துப் போட்ட கையெழுத்து, விளம்பரத்துக்குச் சம்மதம் ஆகாது. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்து வைத்திருந்தால், விளம்பர வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக்கூடப் பல் முகாமில் பிள்ளைகளை எடுக்கும் படத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைச் செய்யும் லேபுக்கு அளவும் பல்லின் நிறமும் போனால் போதும். சர்க்கரை அளவும் செல்போன் எண்ணும் அங்கே போக வேண்டிய வேலையே இல்லை.

எச்.ஐ.வி. விஷயத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. சிகிச்சையில் நேரடியாகப் பங்கெடுக்கும் இன்னொரு மருத்துவருக்குத் தேவைக்காகச் சொல்வது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. "டெஸ்ட் எடுத்துட்டு வா, அப்பத்தான் பல்லு எடுப்பேன்" என்று நிபந்தனை போடுவதும், இருக்கிறது என்று தெரிந்ததும் திருப்பி அனுப்புவதும் அந்தச் சட்டப்படி தவறு. கருவிகளைச் சுத்திகரிப்பதும் கையுறை மாற்றுவதும் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய வேலைதானே.

நம் ஃபைலை நாம் வாங்குவது எப்படி?

அதே 2014 விதிகளின்படி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 'தொடங்கிய நாள்' என்பதைக் கவனியுங்கள். கம்பி போட்டுப் பல்லைச் சீராக்கவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஓடிவிடும். ஆகவே சிகிச்சை முடிந்த கையோடு நகலை வாங்கிவிடுவது நல்லது. வாயால் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். ஒரு வெள்ளைத் தாளில் இவ்வளவு எழுதினால் போதும்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தங்களிடம் சிகிச்சை பெற்றேன். என் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே), ரசீதுகளின் நகல் வேண்டும்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கிளினிக் சீலும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் மூலக் கோப்பையே ஈமெயிலில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படம் சுருங்கிப் போயிருக்கும். அடுத்த டாக்டர் அதை வைத்து வேர் நுனியில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது.

அரசு மருத்துவமனை, அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் நம் பதிவை நாம் கேட்கலாம்.

250 கோடி அபராதம் என்கிறார்களே?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும். நோயாளி கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதோடு, கிளினிக்குகள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. இன்னொன்று, கம்ப்யூட்டரில் ஏறிய தகவலுக்குத்தான் இந்தச் சட்டம். அலமாரியில் இருக்கும் அட்டை ஃபைலுக்கு இது பொருந்தாது. அதற்கு நெறிமுறை விதிதான்.

இந்தப் புதுச் சட்டம் முழுமையாக வந்த பிறகு எதற்காகத் தகவல் கேட்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே கேட்டுப் படிக்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தகவல் கசிந்தால் தாமதமின்றி நமக்குச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் 2011 விதிகளும் அமலில் இருக்கின்றன. மருத்துவப் பதிவுகளை அந்த விதிகள் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் தகவலாகவே வைத்திருக்கின்றன. அஜாக்கிரதையால் நஷ்டம் வந்தால் இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. புதுச் சட்டம் முழுமையாக வரும்போது இந்த 43ஏ நீக்கப்படுகிறது. இழப்பீட்டு வழியை அடைத்துவிட்டு அபராதத்தைப் பெரிதாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆபா எண், அதாவது சிகிச்சைப் பதிவுகளை டிஜிட்டலாக இணைக்கும் மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண், பழகிய சமாச்சாரம். 2020 ஆகஸ்ட் 15 அன்று அந்தத் திட்டத்தை வெள்ளோட்டம் விட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. நாடு முழுக்க 2021 செப்டம்பரில்தான் வந்தது. 14 இலக்க எண். ஓபி சீட்டு வரிசையில் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பெயர், வயது, முகவரி தானாகப் பதிவாகிவிடும். ஆனால் பழைய சிகிச்சைப் பதிவுகளை இன்னொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் செல்போனில் தனியாக அனுமதி கேட்கும். எந்தப் பதிவு, எத்தனை நாளைக்கு என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள். ஆபா கட்டாயமில்லை, இல்லை என்பதற்காக வைத்தியத்தை மறுக்க முடியாது.

புகார் எங்கே?

கடலூர் – புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் மாறும். புதுச்சேரி கிளினிக் என்றால் மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டம். கடலூர் கிளினிக் என்றால் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். கடலூரில் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். டாக்டரின் நடத்தை பற்றிய புகாருக்கு அவர் எந்த மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கும். கவுன்சில் எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் செய்யலாம். பணம் வாங்கித் தராது.

பணமாக இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். கிளினிக்குக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ரசீது, சீல் வாங்கிய கடிதம், கிளினிக் பக்கத்தில் போட்ட படம் என்றால் தேதியோடு அதன் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைக்க வேண்டும். புகார் போனதும் படத்தை எடுத்துவிடுவார்கள் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.