ஈற்றில் வரும் மெலனோமா: நுண்ணோக்கியில் தெரிவது என்ன?

நம் ஊரில் பலருக்கு ஈறு கறுப்பாகத்தான் இருக்கும். இருபுறமும் ஒத்து, ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஈற்றுத் தோலின் அடிவரிசையில் இருக்கும் மெலனோசைட்டுகள் என்ற செல்கள் மெலனின் என்ற கறுப்பு நிறமியைச் செய்து பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். அதே மெலனோசைட்டுகள் கட்டுக்கடங்காமல் பெருகினால் வருவதுதான் ஈற்று மெலனோமா என்ற புற்றுநோய். உலக அளவில் மெலனோமா வந்தவர்கள் நூறு பேரில் ஒருவருக்குக்கூட அது வாயில் வருவதில்லை. வந்தால், பெரும்பாலும் மேல்தாடை ஈற்றிலும் அண்ணத்திலும். வெயிலுக்கு இதில் பங்கில்லை. தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காணப்படும் பிராஃப் மரபணு மாற்றம் இங்கே அரிது. சிலரிடம் கிட் மரபணு மாறியிருக்கும்.

முதலில் செல்கள் அடிவரிசையை ஒட்டியே படர்கின்றன. பிறகு தனித்தனியாக மேலேறுகின்றன, கூட்டமாகக் கீழிறங்குகின்றன. ஆபத்து கீழேதான். பல்லைச் சுற்றிய ஈறு இடையில் தளர்ந்த திசு எதுவுமின்றி நேரே எலும்புச் சவ்வில் ஒட்டியிருக்கிறது. அதனால் சில மில்லிமீட்டர் இறங்கினாலே எலும்பு. புற்றுநோய் எவ்வளவு முற்றியது என்று தரம் பிரிக்கும் ஏ.ஜே.சி.சி (அமெரிக்கப் புற்றுநோய் கூட்டுக்குழு) முறையின் எட்டாம் பதிப்பில் இதற்கு டி1, டி2 என்ற தொடக்கப் படிகளே கிடையாது. மிகச் சிறிய கட்டியும் டி3தான்.

கறுப்பே இல்லாத வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது. இளஞ்சிவப்பாக, தொட்டால் இரத்தம் கசியும் முண்டாக இருப்பதால் சாதாரண ஈற்று வீக்கம் என்று சுரண்டிவிட்டு, திசுவைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இது நடக்கவே கூடாது. பல் சொத்தையை அடைக்கும் வெள்ளிக் கலவையின் (அமால்கம்) துகள் ஈற்றில் புதைந்தாலும் நீலக்கறுப்புப் புள்ளி வரும். எக்ஸ்ரேயில் உலோகம் தெரிந்தால் சந்தேகம் தீரும். தெரியாவிட்டால் மெலனோமா இல்லை என்று முடிவுகட்ட முடியாது, திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் வழி.

எடுத்த துண்டைத் திசுவின் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட வேண்டும். தண்ணீரிலோ சலைனிலோ அனுப்பினால் செல்கள் சிதைந்து, உட்கருவைப் படிக்க முடியாமல் போகும். மெழுகில் பதித்து 4 மைக்ரான் தடிமனில் சீவிப் பார்த்தால், பெரிய உட்கருவும் துருத்தித் தெரியும் உட்கருமணியும் கொண்ட செல்கள் தெரியும். சிலவேளை அவை இருமுனையும் கூர்ந்த கதிர் வடிவிலும் இருக்கும், பிளாஸ்மா செல் (ஒருவகை நோயெதிர்ப்புச் செல்) போலவும் இருக்கும். ஆகவே வடிவத்தை மட்டும் நம்பக் கூடாது. மெலனோசைட்டுகளில் காணப்படும் எஸ்100, சாக்ஸ்10, மெலன்‑ஏ ஆகிய புரதங்களுக்கும், ஹெச்எம்பி45 என்ற எதிர்ப்பொருள் ஒட்டும் புரதத்துக்கும் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். மேல்தோல் செல்களின் புரதமான கெரட்டினுக்கான சாயம் ஏறாவிட்டால் கார்சினோமாவும் (மேல்தோல் வகைப் புற்று), வெள்ளையணுக்களின் புரதமான சிடி45க்கான சாயம் ஏறாவிட்டால் லிம்ஃபோமாவும் (நிணநீர்ப் புற்று) பின்னுக்குப் போகும். மெலனின் மிகுந்த கட்டியில் வழக்கமான பழுப்புச் சாயம் மெலனினோடு கலந்து குழப்பும். அங்கே சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்தலாம், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடால் மெலனினை வெளுத்துவிட்டுப் பார்க்கலாம்.