'வர்றதுக்குள்ள' வேறு, 'வர்ற வரைக்கும்' வேறு

கிருஷ்ணகிரியில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசூரில் ஷிப்ட் முடித்து பஸ் ஏறி வருகிறவர்கள். அதில் ஒரு தம்பி போன மாதம் தன் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பியிருந்தார்: "ஐ வில் செக் த மெஷின் அன்டில் யூ கம்."

அவர் சொல்ல வந்தது, "நீங்க வர்றதுக்குள்ள செக் பண்ணி முடிச்சிடுவேன்." மேனேஜருக்குப் புரிந்ததோ, "நீங்க வர்ற வரைக்கும் செக் பண்ணிட்டே இருப்பேன்." அதுவரை லைன் நின்றுபோகுமே என்று மீட்டிங்கைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கிறார். வந்து பார்த்தால் மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் தம்பிக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை.

முடிந்துவிடும் வேலைக்கு 'பை த டைம்'. அதுவரை தொடரும் வேலைக்கு 'அன்டில்'. பேச்சுத் தமிழில் 'வர்றதுக்குள்ள'வையும் 'வர்ற வரைக்கும்' என்பதையும் நம்மில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. அதனால் மனசுக்குள் முதலில் வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்பேன். புத்தகத் தமிழ்தான் குழப்புகிறது.

'வென்', 'வைல்' இரண்டுக்கும் பல கைடுகளில் 'போது' என்று ஒரே பொருள். தொப்பூர் கணவாயில் லாரி இறங்கிக்கொண்டிருக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. இறங்குவது நீளமான வேலை, அதன் முன்னால் 'வைல்' வரும். 'வென்' போட்டாலும் தப்பில்லை. பிரேக் போனது ஒரு நொடி. அதன் முன்னால் 'வென்' மட்டும்தான். "வைல் த பிரேக் ஃபெயில்ட்" என்றால், பிரேக் நிதானமாக உட்கார்ந்து பழுதானது போல இருக்கிறது!

'இருந்து' என்றாலே 'ஃப்ரம்' என்கிற பழக்கமும் உண்டு. 2004-ல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது. 'தனி மாவட்டம் ஆனதிலிருந்து' என்று எழுதச் சொன்னால் பல நோட்டுகளில் "ஃப்ரம் இட் பிகேம்". அங்கே 'சின்ஸ்' தான்.

இதையெல்லாம் விடப் பிடிவாதமானது 'வில்'. 'வரும்போது' என்பதில் உள்ள 'வரும்' நமக்கு எதிர்காலமாகக் கேட்கிறது, உடனே "வென் ஹி வில் கம்" என்று வாயில் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அங்கே "வென் ஹி கம்ஸ்" போதும். 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' பின்னாலும் அப்படியே.

நேற்று அதே தம்பி எனக்கு அனுப்பியது: "சார், பை த டைம் யூ வில் ஸ்டார்ட் த கிளாஸ், ஐ வில் ஹாவ் ரீச்ட்." சரி, 'பை த டைம்' பிடிபட்டுவிட்டது. 'வில்' ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது.